ஊட்டி மலை ரயில் பயணத்தைத் திட்டமிடுவது: கல்லாறு முதல் குன்னூர் வரையிலான இருபது கிலோமீட்டர்

தாங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். கணவன், மனைவி, 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள 68 வயதுத் தாயார் என ஐந்து பேர் மே மாதம் மூன்றாம் வாரத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு ஊட்டி மலை ரயிலில் போக விரும்புகிறீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை முழுத் தூரமும் போவதா, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் போனால் போதுமா, ஏறும்போது போவதா இறங்கும்போது போவதா, பயணச்சீட்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது: தாயாரை அழைத்துக்கொண்டு இப்படி ஒரு பயணம் இன்னொரு முறை அமையுமா என்று தெரியாத நிலையில், இந்த ஒரு முறையைச் சரியாக அமைத்துக்கொள்வது எப்படி என்பதே அது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். ரயில்வேயின் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலத்தில் ஒன்பது ஆண்டுகள் இந்த மலைப் பாதையில் கழிந்தன. பாதையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் நான் சொல்வதைத் தாங்கள் நம்பி நடக்கலாம். நேரம், கட்டணம், முன்பதிவு விதி ஆகியவை அவ்வப்போது மாறுகின்றவை; அவற்றை மட்டும் பயணத்துக்கு முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இந்தப் பாதையை உலகில் தனித்து நிறுத்துவது அதில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டர் மட்டுமே. தங்களின் மொத்தத் திட்டமும் அந்த இருபது கிலோமீட்டரை, காலை வேளையில், ஏறும் திசையில், தாயார் களைப்படையாத நிலையில் கடப்பதற்காக அமைய வேண்டும். மற்றவற்றை அதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம். விட்டுக்கொடுக்க நேர்ந்தால் விட்டும் கொடுக்கலாம்.

ஏன் அந்தப் பகுதிக்கு மட்டும் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எட்டாவது கிலோமீட்டரில் வரும் கல்லாறு சுமார் 405 மீட்டர். இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் உள்ள குன்னூர் சுமார் 1,711 மீட்டர். அதாவது முதல் எட்டுக் கிலோமீட்டரில் வண்டி ஏறுவது எண்பது மீட்டர்தான். அடுத்த இருபதில் 1,300 மீட்டர் ஏறிவிடுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயர்கிறது. சாதாரண ரயில் பாதையில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்றாலே ஓட்டுநர் கவனமாகிவிடுவார். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றி இழுக்கும் பிடிப்பை மட்டும் நம்பி இத்தகைய ஏற்றத்தில் வண்டியை ஏற்ற முடியாது. அதனால்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய சட்டங்கள் இரண்டு இணையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும். ஆகவே இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு பல்லையாவது பற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோமன் ஆப்ட் என்னும் பொறியாளர் வகுத்த முறை இது. இந்தியாவில் பல்சக்கரப் பாதை இது ஒன்றுதான். டார்ஜிலிங் பாதையும் சிம்லா பாதையும் வளைவுகளையும் சுற்றுகளையும் கொண்டே மலையேறுகின்றன. அவற்றில் பல்சக்கரம் கிடையாது.

கல்லாற்றில் வண்டி நின்று புறப்படும்போது பிள்ளைகள் இருவரையும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். நிலையத்தைத் தாண்டியதும் வேகம் நடக்கும் வேகத்துக்குக் குறையும். பிறகு அடியிலிருந்து ‘டடக், டடக்’ என்று ஓர் உரசல் ஒலி கேட்கும். பல்சக்கரம் சட்டத்தில் கவ்வும் கணம் அது. அதன்பின் இன்ஜினின் மூச்சு முழுவதுமாக மாறிவிடும். காரணம் இருக்கிறது. இந்த வகை நீராவி இன்ஜினில் நான்கு உருளைகள் உண்டு. சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சட்டப் பகுதியில் நுழைந்ததும், அந்த இரண்டில் வேலை முடித்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் அந்த ஒலி மாற்றத்தைக் கேட்பதற்காகவே வேலை இல்லாத நாளிலும் கல்லாற்றுக்குப் போய் நின்றிருக்கிறேன். இன்றும் வண்டியில் போனால் அந்த இடத்தில் என்னால் வேறொன்றைக் கவனிக்க முடிவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால், அதாவது பள்ளத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு பெட்டிகளைத் தள்ளுகிறது. பெட்டிகளின் இணைப்பு எப்போதாவது அறுந்தால்கூட அவை இன்ஜினின் மேல்தான் சாய்ந்து நிற்கும், பள்ளத்தில் உருண்டு ஓடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் முன்னால் இருக்கும் பெட்டிக்கு எதிரே மறைப்பு எதுவும் இல்லை. பாதை நேரே கண்முன் விரியும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டிருப்பார். முன்பெட்டிக்காரர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, அது கடைசியில் ஓட்டுநரைச் சென்று சேரும். இறங்கும்போது அவர்கள் கைகளால் திருகும் தடைகள்தாம் வண்டியை ஒரே சீராக வைத்திருக்கின்றன. அவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நிலையங்களில் வண்டி நிற்கும்போது தாராளமாகப் பேசலாம், மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார்கள்.

இந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. காலையில் சுமார் 7.10-க்கு மேட்டுப்பாளையத்தை விட்டுப் புறப்படும் வண்டி 10.30 வாக்கில் குன்னூரையும் நண்பகலை ஒட்டி ஊட்டியையும் சேரும். பேருந்தில் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அந்த நேரத்தில் கண்ணில் படுவதை எண்ணிப் பார்த்தால் சலிப்பு வராது. ஊரைத் தாண்டியதும் பவானி ஆற்றுப் பாலம். பிறகு கல்லாற்றைச் சுற்றிப் பாக்குத் தோப்புகள். அதற்கு மேல் மூங்கிலும் அடர்ந்த காடும். கீழே ஆழத்தில் ஓடையும் அதன் எதிர்க்கரையில் சாலையும். குன்னூரை நெருங்கும்போது தேயிலை. ஊட்டி வரையுள்ள முழுப் பாதையிலும் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் இருக்கின்றன. 1854-இலேயே பேச்சு தொடங்கி, 1891-இல் வேலை தொடங்கி, 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ‘பொம்மை ரயில்’ என்று இதைச் சொல்வதை நான் விரும்புவதில்லை. பிரேக்ஸ்மேனின் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள்.

ஏறுவதா, இறங்குவதா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: ஒரு முறைதான் முடியும் என்றால் ஏறுங்கள். இன்ஜின் முழு ஆற்றலோடு உழைப்பது ஏறும்போதுதான். இறங்கும்போது தடை பிடிப்பதுதான் பெரும்பாலான வேலை. அடுத்து, வெளிச்சம். இந்த மலைச்சரிவு பொதுவாகக் கிழக்கையும் தென்கிழக்கையும் நோக்கியது. காலை வெயில் நேராக அதன்மேல் விழும். ஊட்டியிலிருந்து சுமார் பிற்பகல் 2 மணிக்குப் புறப்படும் இறக்க வண்டி அதே பள்ளத்தாக்கைக் கடப்பது மாலையில். மே மாதத்தில் பிற்பகலானால் மேகம் திரள்வதும் ஒரு மழை கொட்டுவதும் வழக்கம், அதில் எதிர்மலையே தெரியாமல் போகலாம். இறக்கம் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது அதற்குள்ள ஒரே வசதி. இரு வழியும் ரயிலிலேயே போவது பிள்ளைகளுக்கும் தாயாருக்கும் அலுப்பைத்தான் தரும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, குன்னூர்–ஊட்டி மட்டும் போதுமா என்பது. அந்தப் பதினெட்டுக் கிலோமீட்டரில் பல்சட்டம் இல்லை, டீசல் இன்ஜினில் வண்டி ஓடுகிறது, வேகமும் கூடுதல். வெலிங்டனின் இராணுவக் குடியிருப்புகள், அரவங்காட்டின் வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் காய்கறித் தோட்டங்களும் படகர் ஊர்களும், லவ்டேலின் உயர்ந்த மரங்கள் என்று அது தனி அழகுள்ள பயணம். கேத்தியில் பனி விலகும் காலை நேரத்தில் நின்று பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் காடும் பாறையும் செங்குத்தான பள்ளமும் நீராவியும் அதில் இல்லை. அதில் மட்டும் போய்விட்டு மலை ரயிலைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பாதிக்கு மேற்பட்டதை அவர்கள் பார்க்கவில்லை. மறுபுறம், நாள்தோறும் பல முறை வண்டி ஓடுவதால் இங்கே இடம் கிடைப்பது ஒப்பளவில் எளிது. கீழ்ப்பகுதிக்கு இதை மாற்றாக எண்ணாமல் துணையாக எண்ணுவதே முறை.

இந்த இரண்டு பகுதிகளையும் இணைத்து, தங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஒரே மூச்சில் போகாதீர்கள். காலை வண்டியில் குன்னூர் வரை மட்டும் பதிவு செய்து, அங்கே இறங்கிவிடுங்கள். மூன்றரை மணி நேரத்துக்குள் பயணம் முடிகிறது. தாயாரின் முழங்காலுக்கு அதுவே போதுமான சோதனை. குன்னூரில் ஓர் இரவு தங்குங்கள். 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவில் மாலையில் பிள்ளைகள் ஓடட்டும். சரிவான பூங்கா என்பதால் தாயார் மேல் வாசலுக்கு அருகிலேயே அமர்ந்துகொள்ளலாம். மறுநாள் காலை குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போங்கள். இப்படிப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: ஊட்டி வரை ஐந்து இடங்கள் கிடைக்காத நாளில் குன்னூர் வரை கிடைக்கக்கூடும். ஆகவே பதிவு செய்யும்போது இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

பெட்டியின் அமைப்பைப் பற்றித் தாயார் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை ஒளிக்காமல் சொல்கிறேன். பெட்டிகளில் கழிப்பறை இல்லை. நிலையங்களில் வண்டி நிற்கும்போதுதான் வசதி. ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குள் நடந்து போக முடியாது. பழைய வகைப் பெட்டிகளில் ஒரு தடுப்பிலிருந்து அடுத்த தடுப்புக்குக்கூடப் போக முடியாது. இருக்கைகள் எதிரெதிராக நெருக்கமாக அமைந்தவை, காலை நீட்ட இடமிருக்காது. ஆகவே காலை 6.45-க்குள் நிலையத்தின் கழிப்பறைக்குப் போய்வருவதும், வழியில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில், குறிப்பாக ஹில்குரோவில், தாயாரை இறக்கி ஒரு நிமிடம் நடக்கவிடுவதும் அவசியம். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் கட்டண வேறுபாடு உண்டு. முதுகு சாய்ந்து உட்கார வேண்டிய முதியவருக்காக அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பது தகும். பெரிய பெட்டிகளை வைக்க இடம் கிடையாது. ஆளுக்கு ஒரு தோள்பை போதும். அதற்கு மேல் இருந்தால், வாடகை வண்டி ஒன்றில் குன்னூர் விடுதிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஹில்குரோவைப் பற்றி ஒரு சொல். காட்டின் நடுவே, ஊரே இல்லாத இடத்தில் இருக்கும் நிலையம் அது. இன்ஜின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எல்லோரும் இறங்குவார்கள், தேநீர் கிடைக்கும், குரங்குகள் கூரையிலிருந்து இறங்கிவந்து, பிள்ளைகளின் கையிலிருப்பது வடையா பிஸ்கட்டா என்று பார்த்துவிட்டுத்தான் பறிக்கும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்துப் பழக்கியதன் விளைவை அடுத்த வண்டியில் வரும் குழந்தைதான் அனுபவிக்கிறது. வண்டி புறப்படுவதற்கு முன் இன்ஜின் ஊதும். அதன்பின் நிதானமாகத்தான் நகரும். ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் ஏற முயலக் கூடாது, படியிலும் நிற்கக் கூடாது. சுரங்கத்தின் பாறைச் சுவர் பெட்டியை எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரியும்.

எந்தப் பக்க இருக்கை நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். ஏறும்போது கல்லாற்றுக்கு மேலே பெரும்பாலான தூரம் பள்ளத்தாக்கு இடப்பக்கத்தில் விரியும் என்பது என் அனுபவம். ஆனால் இருக்கையைக் கணினிதான் ஒதுக்குகிறது. தங்கள் கையில் இல்லை. வளைவுக்கு வளைவு காட்சி இடம் மாறிக்கொண்டே இருக்கும், வண்டியும் மெதுவாகப் போகும். ஆகவே இதற்காக உடன் பயணிப்பவர்களோடு வாதாடத் தேவையில்லை. பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள்.

அடுத்தது பயணச்சீட்டு; பெரும்பாலான திட்டங்கள் உடைவது இங்கேதான். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். மே 20-ஆம் தேதி போக வேண்டும் என்றால் மார்ச் 21 காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும். மே மாதத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சியும் பள்ளி விடுமுறையும் சேர்வதால் இடங்கள் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடுகின்றன. ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு முன்கூட்டியே இணைத்துவையுங்கள். ஐவரின் பெயர், வயது விவரங்களையும் முன்பே சேமித்துவையுங்கள். சனி, ஞாயிறு தவிர்த்துச் செவ்வாய், புதன் போன்ற நாட்களைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மலை ரயிலில் இடம் உறுதியான பிறகே விடுதியையும் சென்னை ரயிலையும் பதிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு சுற்றுலா முகவர் விடுதிக்கு முழுப் பணத்தையும் கட்டவைத்துவிட்டு, “ரயில் டிக்கெட் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அனுப்பிய ஒரு குடும்பம், காலை ஏழு மணி வாக்கில் மேட்டுப்பாளையம் நடைமேடையில் நின்று வண்டி புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் முகத்தை நினைத்துத்தான் இதை இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

காத்திருப்புப் பட்டியலைப் பற்றி உறுதியாக எதையும் யாராலும் சொல்ல முடியாது. வண்டி சிறியது, பெட்டிகள் சில; ஒரு பெருங்குடும்பம் ரத்து செய்தால் பட்டியல் திடீரென்று நகரும், இல்லாவிட்டால் அசையாது. இணையத்தில் எடுத்த சீட்டு கடைசி வரை காத்திருப்பிலேயே இருந்தால் தானாகவே ரத்தாகிவிடும், அதைக் கொண்டு ஏற முடியாது. ஐந்து பேர், அதிலும் முதியவர் ஒருவர் என்னும்போது அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். முன்பதிவில்லாத இடங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். தனியாக வரும் இளைஞருக்குத்தான் அந்த முயற்சி பொருந்தும். கோடையில் தெற்கு ரயில்வே சிறப்பு மலை ரயில்களை இயக்குவது வழக்கம். அறிவிப்பு வெளியாகும் நாளும் ஓடும் நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். கட்டணமும் கூடுதலாக இருக்கும். இடம் கிடைக்காதவர்கள் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அந்த அறிவிப்பைக் கவனித்து வந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தேதியைச் சற்றே நகர்த்த முடியுமானால், மலர்க் கண்காட்சிக்கு ஆசைப்படாமல், பள்ளி திறப்பதற்குச் சற்று முந்தைய நாட்களைப் பாருங்கள் என்பேன். நீலகிரியின் மழையைப் பற்றி ஒரு பொதுவான குழப்பம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெரிதும் தாக்குவது கூடலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகளை. இந்த ரயில் ஏறும் கிழக்குச் சரிவுக்கும் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துக்கும் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்; இந்தப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஆகவே தீபாவளியை ஒட்டியோ கார்த்திகையிலோ இந்தப் பயணத்தை வைத்துக்கொள்பவர்கள், பாறை விழுந்து வண்டி ரத்தாகும் வாய்ப்பைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மிகத் தெளிவான வானம் ஜனவரி முதல் மார்ச் வரை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு பிப்ரவரியின் ஒரு வாரநாளைவிடச் சிறந்த நாள் எனக்குத் தெரியாது. மே மாதத்தில் பெரிய நிலச்சரிவு அரிது. ஆனால் ஒரே இரவில் பெய்யும் கோடைமழையில் மரம் சாய்ந்து பாதை அடைபடுவது உண்டு. ரயில்வே ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திரும்ப வரும்; இழந்த நாள் வராது. அதனால்தான் மலை ரயிலைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். ஏற்றம் ரத்தானால் பேருந்தில் ஏறிவிட்டு, குன்னூர்–ஊட்டிப் பகுதியையாவது பார்க்கத் தங்களுக்கு நாட்கள் மிச்சமிருக்கும்.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்து, மலை ரயிலுக்கு இணைப்பாகிறது. இது நெடுங்கால ஏற்பாடு; இளையவர்களுக்கு நான் இதையே சொல்வேன். எக்ஸ்பிரஸ் சற்றுத் தாமதமானால் மலை ரயில் காத்திருந்த நாட்கள் பல. ஆனால் அதைப் பயணிக்குத் தரப்பட்ட உறுதியாகக் கொள்ளக் கூடாது. தங்கள் தாயாரை முன்னிட்டு, முந்தைய நாளே கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ வந்து ஓர் இரவு தூங்கி எழுவதையே நான் விரும்புவேன். இரவெல்லாம் படுக்கையில் புரண்டு வந்த உடம்போடு, நெருக்கமான இருக்கையில் மூன்றரை மணி நேரம் உட்காருவதற்கும், தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்காருவதற்கும் உள்ள வேறுபாட்டை அறுபதைக் கடந்த பிறகு நானே உணர்ந்திருக்கிறேன்.

திரும்பும்போது ஊட்டியிலிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ இறங்குங்கள். சீசனில் நெரிசலைக் குறைக்க, ஏறும் வாகனங்களைக் குன்னூர் வழியிலும் இறங்கும் வாகனங்களைக் கோத்தகிரி வழியிலும் திருப்பிவிடுவது வழக்கம். ஆகவே இறங்கும் நேரத்தைத் தாராளமாகக் கணக்கிட்டு, இரவு ஒன்பதரைக்குள் புறப்படும் சென்னை ரயிலுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள். சொந்தக் காரில் வருபவர்களுக்குத் தேவைப்படும் இ-பாஸ் ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருபவர்களுக்குத் தேவையில்லை. வாடகை வண்டி அமர்த்தினால் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் மலை ரயிலில் இடமே கிடைக்காவிட்டால், அதே விடுமுறையில் செங்கோட்டை–புனலூர் பாதையை எண்ணிப் பாருங்கள். 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய மலைப்பாதை அது. ஏற்றம் கடுமையானதால் வண்டியின் பின்னாலும் ஓர் இன்ஜின் சேர்ந்து தள்ளும். தென்மலைக்கு அருகில் பதிமூன்று கண் பாலத்தைக் கடக்கும்போது கீழே நெடுஞ்சாலையும் ஆறும் தெரியும். பெட்டியில் கழிப்பறை உண்டு, தாயார் காலை நீட்டிக்கொள்ளலாம், சீட்டும் எளிதில் கிடைக்கும். பகலில் கடக்கும் வண்டியாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. பல்சக்கரத்தின் அந்த ஒலி மட்டும் அங்கே கேட்காது.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே எவர்சில்வர் குப்பிகளில் நீர் கொண்டுவாருங்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், குன்னூரில் சிலிர்க்கும். தாயாரின் சால்வை மூட்டைக்குள் போய்விடாமல் கையிலேயே இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய மாலையில் 139-ஐ அழைத்து வண்டி ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு மலையில் பலத்த மழை பெய்ததாகக் கேள்விப்பட்டால், காலையில் அறையைக் காலி செய்வதற்கு முன் இன்னொரு முறையும் கேளுங்கள்.